எதிர்வீட்டு அக்காவின் சீப்பு

பொடுகைப் பற்றி ஒரு முதியவன் எழுத உட்கார்ந்தால் அது வேடிக்கைக் கட்டுரையாகத்தான் முடியும் என்று என் வயதொத்த நீங்கள் நினைப்பீர்கள். நம்மில் பாதிப்பேருக்கு உதிர்வதற்கு மயிரே மிச்சமில்லை; மீதிப்பேர் கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டோம். சென்ற தை மாதம்வரை நானும் உங்கள் வரிசையில் இருந்தவன்தான்.

தை மாதத்தில் என் தந்தை காலமானார். தொண்ணூறைக் கடந்தவர், படுக்கையில் கிடக்காமல் போனவர். கல்யாணச் சாவு என்று வந்தவர்கள் சொன்னார்கள். பதினாறாம் நாள் காரியத்தில் மூத்த மகன் என்ற முறையில் என் தலை மழிக்கப்பட்டது. அன்று தொடங்கிப் பங்குனி முடிவதற்குள் நான் கேட்டறிந்தவை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக என் நினைவில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்த ஒரு கோடைக்காலத்தைக் கலைத்துப் போட்டுவிட்டன. மீண்டும் அடுக்க முயன்று பார்த்தேன், இயலவில்லை. ஆகவே அந்தக் கோடையை, அன்று எனக்குத் தெரிந்தபடியே முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு வயது ஒன்பது, தங்கைக்கு ஆறு. திண்டுக்கல்லில் நாகல் நகர்ப் பக்கம் ஒரு காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தோம். எல்லாருக்கும் ஒரே வெளிக்கதவு, உள்ளே எதிரும் புதிருமாக ஆறு குடித்தனங்கள், நடுவில் முற்றம், முற்றத்தில் உப்புத் தண்ணீர்க் கிணறு. குடிக்கிற தண்ணீரை வெளியிலிருந்து குடத்தில் கொண்டுவர வேண்டும். தலைக்குக் குளிப்பது வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் கிணற்று நீரில். அந்த நீரில் சீயக்காய் நுரைக்காது. அரப்புத் தூள் மயிரில் பச்சைப் பசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். காற்று ஒரு பக்கம் திரும்பினால் தோல் பதனிடும் கொட்டகைகளின் வாடை வரும். திரும்பாத நாள்களில் பூட்டுப் பட்டறைகளில் அரம் தேய்க்கும் ஓசை மட்டும் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

என் தந்தை கணக்கு ஆசிரியர். ஆறு குடித்தனத்துக்கும் அவர் ‘சார்’. குழாயடிச் சண்டையானாலும் பிள்ளைகளின் மதிப்பெண்ணானாலும் கடைசி வார்த்தை அவருடையது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் வெள்ளைத் துண்டு. தீபாவளிக்குக்கூட வேறு நிறம் உடுத்தமாட்டார். “நாள் முழுக்க சாக்பீஸ் தூள்ல நிக்கிறவனுக்கு வேற கலர் எதுக்கு?” என்பார். உறவினர் வீட்டில் தங்க நேர்ந்தால் தம் தலையணையைத் தாமே கொண்டுபோவார். ஆண்டுதோறும் பழனிக்குப் போகும்போது சித்தப்பா, மாமா எல்லாரும் மொட்டை போட்டுக்கொள்ள, அவர் மட்டும் மூன்று கற்றை மயிரை வெட்டிக் கொடுக்கும் பூமுடியோடு நிறுத்திக்கொள்வார். மாதத்தில் ஒரு ஞாயிறு விடியற்காலையில் முடிதிருத்துபவர் வீட்டுக்கே வருவார். பின்கட்டுக் கதவு சாத்தப்படும். பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக்கூடாது, கண்ணில் மயிர் பறந்து விழும் என்பது விதி. இவற்றையெல்லாம் ஒழுக்கம் என்று நான் எடுத்துக்கொண்டேன். பின்னாளில் நானும் ஆசிரியனானபோது என் மாணவர்களிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

எங்களுக்கு நேர் எதிர்வீட்டில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். கணவனை இழந்த அந்தத் தாய் பூக்கட்டி விற்பவர். மகளுக்குப் பதினெட்டு வயது இருக்கலாம். அவளை நான் அக்கா என்றேன். அவள் என்னை அப்பு என்றாள். அக்காவுக்குப் பூச்சடை தைக்கத் தெரியும். வாழைப்பட்டையைச் சடை நீளத்துக்குக் கிழித்து, அதன்மேல் மல்லிகை மொட்டுகளை வரிவரியாக ஊசியில் கோத்துத் தைத்து, நடுவில் கனகாம்பரத்தால் கோலம் போல ஒரு கோடு இழுத்து, அதைப் பின்னலோடு சேர்த்துக் கட்டிவிடுவாள். சடங்கு, வளைகாப்பு, கல்யாணம் எதுவானாலும் அக்காவுக்குத்தான் ஆள் வரும். பேகம்பூரிலிருந்துகூட முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களுக்கு அழைத்துப் போவார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அக்காவின் கைகளால்தான். தாயின் பூக்கூடை வாடகைக்குக்கூடப் போதாது என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மல்லிகை மலிந்து கிடக்கும் சித்திரையில் சிறு பெண்களுக்குப் பூச்சடை தைத்து, ஸ்டுடியோவில் கண்ணாடிக்கு முன் நிறுத்தி, முகமும் சடையும் சேர்ந்து தெரியும்படி படம் எடுப்பது நம் ஊர்களில் அன்று வீட்டுக்கு வீடு நடந்தது. அந்தச் சித்திரைத் தொடக்கத்தில் தங்கையின் முறை வந்தது. அவளுக்கு இடுப்புவரை கூந்தல். அம்மா சனிக்கிழமைதோறும் நல்லெண்ணெயில் மிளகு போட்டுக் காய்ச்சி, வழிய வழியத் தேய்ப்பாள். மற்ற நாள்களில் தேங்காயெண்ணெய். அந்த எண்ணெய்ப் பிசுக்கில் மண்டையின் தோல் தெரிவதே அரிது.

அக்கா தன் வீட்டு வாசலில் பாயைப் போட்டுத் தங்கையை உட்காரவைத்தாள். நானும் அருகில் இருந்தேன். நறுக்கிய வாழைப்பட்டையின் துவர்ப்பு வாசனையும் மொட்டுகளின் குளிர்ச்சியும் இன்றும் என் மூக்கில் இருக்கின்றன.

“ஏ பாப்பா, ஆடாம இரு. ஊசி மண்டைக்குள்ள போச்சுன்னா உங்க வாத்தியாரப்பா சொல்லிக் குடுத்த வாய்ப்பாடெல்லாம் ஒழுகிப் போயிரும்” என்றாள் அக்கா.

“எனக்கு ரெண்டாம் வாய்ப்பாடுதான் தெரியும்” என்றாள் தங்கை.

“அம்புட்டுத்தானா? அப்ப ஒழுகுனாலும் நட்டமில்ல.”

சிரித்துக்கொண்டே அக்கா வகிடு எடுத்தாள். எடுத்தவள் கை நின்றது. பிறகு சீப்பைத் தன் கொண்டையில் செருகிக்கொண்டு, இரண்டு கைகளாலும் தங்கையின் மயிரை விலக்கிப் பார்த்தாள்.

“அப்பு, செத்த நேரம் கெணத்தடிக்குப் போயி இந்த வாழநாரை நனைச்சு எடுத்துட்டு வா” என்றாள்.

நான் நாரை நனைத்துவிட்டு, கிணற்றடியிலேயே நெடுநேரம் விளையாடித் திரும்பியபோது சடை பாதி முடிந்திருந்தது. வழக்கமாகப் பின்கழுத்தில் தொடங்கும் பூ, அன்று உச்சந்தலையிலிருந்தே தொடங்கியிருந்தது. காதோரம்வரை மொட்டுகள். பூவால் செய்த தொப்பி போல இருக்கிறது என்று நான் சொன்னேன். “வாத்தியார் மகளுக்குன்னா சும்மாவா?” என்றாள் அக்கா. ஆனால் சிரிக்கவில்லை.

படம் நன்றாக வந்ததாகவே நினைவு. தங்கை உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பாள். பின்னால் கண்ணாடியில் பூ மட்டும் தெரியும். அந்தப் படம் இன்று எங்கும் இல்லை. அந்தக் கோடை முடிவதற்குள் சுவரிலிருந்து அது இறங்கிவிட்டது.

மறுநாள் காலை அம்மா பூவைப் பிரித்தாள். பழுப்பேறிய மல்லிகையோடு சேர்ந்து தரையில் வேறு எதுவோ உதிர்ந்தது. பொடுகு என்றால் மாவு போலத் தூவும் என்பதே நான் அறிந்தது. இது செதில். நகத்தளவுத் துண்டுகள், விளிம்பில் வெள்ளி போல மின்னுபவை. பூவை எடுத்த இடத்தில், மெழுகு உருகி உறைந்தது போலத் திட்டுத் திட்டாக இருந்தது. திட்டு பெயர்ந்த இடம் சிவந்திருந்தது; ஓரிடத்தில் ஊசிமுனை அளவு இரத்தம்.

அம்மா அலறவில்லை. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போனார். இந்தக் காட்சி என்னிடம் இத்தனை ஆண்டுகளும் இருந்தது. அதற்கு ஒரு பொருள் உண்டு என்று நான் ஒருநாளும் எண்ணவில்லை.

அதன்பின் வைத்தியம் தொடங்கியது. வெந்தயத்தை ஊறவைத்து அரைத்துப் பூசினாள். புளித்த தயிரில் எலுமிச்சையைப் பிழிந்து தேய்த்தாள். சின்ன வெங்காயத்தை இடித்துச் சாறெடுத்து விட்டாள். வயல் வரப்பிலிருந்து பொடுதலை கொண்டுவரச் சொல்லி எண்ணெயில் காய்ச்சினாள். வேப்பிலை, மருதாணி, படிகாரம். எலுமிச்சை பட்டபோது தங்கை கத்திய கத்தலில் பட்டறையில் அரம் நின்றது. கதறக் கதற அம்மா சீப்பின் முனையால் செதிலைச் சுரண்டி எடுத்தாள். எடுக்க எடுக்க அது முன்னிலும் தடிப்பாக வந்தது. “சூடு. எல்லாம் உடம்புச் சூடு” என்று சொல்லி மேலும் எண்ணெய் வைத்தாள். தங்கையின் தலையணை உறையில் எப்போதும் சிக்கெண்ணெய் நாற்றம்.

மூன்று நான்கு வாரங்கள் இப்படிப் போயின. ஒரு மாலை முற்றத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். பக்கத்துவீட்டு அத்தை தங்கையின் தலையைத் தொடாமல் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இது சும்மா பொடுகு இல்ல மைனி. யாருகிட்டயோ ஒட்டிக்கிட்டு வந்திருக்கு.”

“எம்புட்டுச் சுத்தமா வச்சிருக்கேன் எம் பிள்ளைய! எங்கிட்டுருந்து வந்துச்சுன்னுதான் நானும் யோசிக்கிறேன்” என்றாள் அம்மா. எதிர்வீட்டுக்குக் கேட்கும்படியான குரல் அது. எதிரே வாசலில் அக்கா ஒரு கல்யாணச் சடையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“ஊரு தலையெல்லாம் தொடுற கை. எந்தத் தலையில என்ன இருக்குன்னு யாரு கண்டா?” என்றார் அத்தை.

அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

“ஏலே, இங்க வா. அன்னிக்குப் பூத் தைக்கயில நீதான கூட இருந்த? அவ தலையச் சீவுன சீப்பு வச்சுத்தான பாப்பாவுக்குச் சீவுனா?”

நான் பார்த்தது எதுவென்று மேலே எழுதிவிட்டேன். அக்கா சீப்பைக் கொண்டையில் செருகினாள். இரண்டு கைகளும் வேண்டியிருந்ததால் செருகினாள். தன் தலையைச் சீவிக்கொண்டதை நான் பார்க்கவில்லை. அவள் சீவிக்கொள்ளவும் இல்லை. ஆனால் அம்மாவின் முகத்தில் என்ன விடை எழுதியிருந்தது என்பதைப் படிக்கும் திறமை எனக்கு இருந்தது. படிப்பில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்த பிள்ளை நான்.

“ஆமா” என்றேன்.

“சத்தமாச் சொல்லு.”

“அக்கா தலையச் சீவிட்டுத்தான் பாப்பாவுக்குச் சீவுச்சு.”

அக்கா எழுந்தாள். மடியிலிருந்த மொட்டுகள் சிதறின. “அப்பு, நான் எப்படா...” என்று தொடங்கினாள். தங்கையை ஒருமுறை பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

அவளுடைய தாய்தான் வெளியே ஓடிவந்தார். மகளின் கொண்டையைப் பிடித்து அவிழ்த்து, முற்றத்தின் நடுவில் அவளைக் குனியவைத்து, மயிரை இரண்டாகப் பிளந்து காட்டினார்.

“வந்து பாருங்க! நாலு பேரு வந்து பாருங்க எம் பிள்ள தலைய! ஒரு பொட்டுப் பொடுகு இருந்தாச் சொல்லுங்க. சார், நீங்க வந்து பாத்துச் சொல்லுங்க சார்!”

ஒருவரும் அருகில் போகவில்லை. ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். என் தந்தை எங்கள் வீட்டு நிலைப்படியில் நின்றிருந்தார். வெள்ளைத் துண்டைக் கழுத்தோடு இழுத்து விட்டுக்கொண்டார்.

“சுத்தம் முக்கியம்” என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

சார் சொல்லிவிட்டார் என்று அந்த வார்த்தை வெளிக்கதவைத் தாண்டிப் போயிற்று. அன்று தைத்துக்கொண்டிருந்த கல்யாணச் சடையை வாங்கிக்கொள்ள அந்த வீட்டார் வரவில்லை. வாழைப்பட்டையோடு அது இரண்டு நாள் அக்காவின் வாசலில் கிடந்து அழுகியது. அதன்பின் அக்காவுக்கு ஆள் வரவில்லை. முகூர்த்தம் நிறைந்த வைகாசியில் அவள் ஒரு சடைகூடத் தைக்கவில்லை. அவள் தாயிடம் கட்டிய பூ வாங்குவதையும் காம்பவுண்டில் நிறுத்திக்கொண்டார்கள். ஆனியில் ஒரு காலை, ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு பாத்திர மூட்டையும் ஏற்றிய வண்டியோடு இருவரும் ரெட்டியார்சத்திரத்தில் உறவினர் தோட்டத்துக்குப் போனார்கள். தோட்டத்தில் களையெடுக்கும் வேலை என்று பேசிக்கொண்டார்கள். நான் வெளிக்கதவில் நின்றேன். அக்கா என்னைக் கடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சீப்புக்குரியவள் போன பிறகும் தங்கையின் தலை ஆறவில்லை. பழனிக்கு மொட்டை நேர்ந்துகொள்ளலாம் என்று அம்மா சொன்னாள். என் தந்தை குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். “மொட்டை வேணாம். எண்ணெய வச்சுப் பின்னிவிடு, போதும்” என்றார். மகளின் கூந்தல்மேல் உள்ள பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

அது ஆடியில் சற்றுக் குறைந்தது. மார்கழியில் மீண்டும் வந்தது. அப்படியே ஆண்டுகள் போயின. தங்கைக்கு நல்ல இடத்தில் திருமணமாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது அம்மா சொன்ன பதிலை நானே காதால் கேட்டேன்: “சின்ன வயசுல பூத் தைக்கிறவ ஒருத்திகிட்ட ஒட்டிக்கிட்டு வந்துச்சு. இப்பச் சரியாப் போச்சு.” எனக்கும் முப்பது வயதிலிருந்து தலையில் உதிர்வது உண்டு. பொடுகு என்று சொல்லிக்கொண்டேன். கடைக்குக் கடை ஷாம்பு மாற்றினேன்.

இதுவரை எழுதியது நான் அறிந்திருந்த கதை. இனி எழுதுவது இந்த ஆண்டு அறிந்தது.

காரியத்தன்று என் தலையை மழித்த முடிதிருத்துபவருக்கு எண்பதை நெருங்கும் வயது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பின்கட்டுக்கு வந்தவரின் மகன். தந்தைக்குப் பிறகு தானும் வந்தவர். தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்தவர், இரண்டு இழுப்புக்குப் பின் நிறுத்தினார்.

“உங்களுக்குமா சார்?”

“என்ன எனக்கும்?”

“இந்தச் செதிலு. பெரியவருக்கு இருந்த மாதிரியே, அதே எடத்துல இருக்கே. காதுக்குப் பின்னாடி, பிடரியில.”

நான் திரும்பிப் பார்க்க முயன்றேன். “அசையாதீங்க சார், கத்தி” என்றார்.

“யாருக்கு இருந்தது?”

“உங்கப்பாவுக்குத்தான். உங்களுக்குத் தெரியாதா? தலை முழுக்கல்ல இருந்துச்சு! வெட்டி முடிச்சா வேட்டியில மயிரு பாதி, செதிலு பாதி. அதக் கூட்டி அள்ளி எங்கய்யா கையோட கொண்டுபோயிருவாரு. வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு பெரியவரு எங்கய்யாகிட்ட சத்தியம் வாங்கியிருந்தாரு. அப்புறம் எங்கிட்டயும். இனிமே யாருகிட்ட மறைக்கிறது, அவரே போயிட்டாரு.”

“எப்போதிலிருந்து?”

“அவரு காலேசுல படிக்கிறப்பவே உண்டுன்னு எங்கய்யா சொல்லும்.”

நான் பிறப்பதற்கு முன்பே. தங்கை பிறப்பதற்கு முன்பே. எதிர்வீட்டு அக்கா ஊசி பிடிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே. கத்தி என் தலையில் மறுபடி நகர்ந்தது. வெள்ளைச் சட்டை, தலையணை, பூமுடி, சாத்திய கதவு ஆகிய ஒவ்வொன்றும் தன் பெயரை மாற்றிக்கொண்டு என் முன் நின்றது. மழித்து முடித்ததும் சந்தனம் குழைத்து வந்தார்கள். வேண்டாம் என்றேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். என் மாணவியாக இருந்திருக்கக்கூடிய வயதுப் பெண். ஒரு சிறு விளக்கை வைத்துப் பார்த்தார். முழங்கைகளையும் நகங்களையும் காட்டச் சொன்னார்.

“எத்தனை வருஷமா சார் இருக்கு?”

“பொடுகு என்று நினைத்திருந்தேன்.”

“வெறும் பொடுகுன்னா எண்ணெய்ப் பசையோட தலை முழுக்க லேசா உதிரும், அதுக்கான ஷாம்பு போட்டா அடங்கிரும். இது ஓரம் கட்டின மாதிரி திட்டா இருக்கு பாருங்க. சோரியாசிஸ். தோல் ஒரு மாசத்துல நிதானமா செய்ற வேலைய அஞ்சாறு நாள்ல முடிச்சுத் தள்ளுது. பழசு விழறதுக்குள்ள புதுசு வந்து அடுக்கடுக்கா சேந்துருது.”

மருந்தைச் சொன்னார். தார் கலந்த ஷாம்பு. போட்டதும் கழுவிவிடாமல் சில நிமிடம் ஊறவிட வேண்டும். திட்டின்மேல் மட்டும் ஒரு நீர்மருந்து, அவர் சொல்லும் நாள்வரைதான். நகத்தால் பெயர்க்கக்கூடாது, பெயர்த்தால் அந்தக் காயத்திலேயே மீண்டும் வரும்.

“எலுமிச்சை, வெங்காயச் சாறு?” என்றேன்.

“ஐயோ, யாரு சார் அதெல்லாம் சொன்னது? வெடிச்ச தோல்ல எரிச்சல்தான் மிச்சம். எண்ணெய் வேணும்னா செதில் இளகக் கொஞ்சம் வச்சுட்டு அன்னிக்கே கழுவிரணும். வாரக்கணக்கா ஊற விடக்கூடாது. சரி, இது முழுசாப் போகும்னு சொல்லமாட்டேன். அடக்கி வைக்கலாம். வரும், போகும். மனசு கஷ்டப்பட்டாக் கூடும். வீட்ல வேற யாருக்காவது இருக்கா?”

“என் தந்தைக்கு இருந்தது. தங்கைக்கு இருக்கிறது.” அந்த வாக்கியம் எங்கள் குடும்பத்தில் முதன்முறையாக உரக்கச் சொல்லப்பட்டது.

“ம், குடும்பத்துல வரக்கூடியதுதான்.”

“ஒட்டுமா?”

“ஒட்டாது.”

“ஒரே சீப்பை இருவர் பயன்படுத்தினால்?”

“சீப்பு, தலகாணி, துண்டு, எதுலயும் ஒட்டாது சார். சாதாரணப் பொடுகே அப்படி ஒட்டாது. பேன்தான் ஒட்டும்.” அடுத்த நோயாளிக்காக மணியை அழுத்தியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்டார்.

வீடு திரும்பும்போதுதான் அம்மாவின் நினைவு வந்தது. அவள் போய்ப் பதினோரு ஆண்டுகளாகின்றன. சனிக்கிழமைதோறும் என் தந்தையின் தலையில் எண்ணெய் தேய்த்தவள் அவள். அவருடைய தலையணை உறைகளைத் தனியே துவைத்தவளும் அவள். தங்கையின் தலையிலிருந்து முதல் செதில் விழுந்ததும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த நோய் என்றால் ஒருநாள் போய்விடும். இரத்தத்தில் வந்தது என்றால் மகளுக்கு மாப்பிள்ளை வராது. எதிரே ஒரு பெண் ஊரார் கூந்தலையெல்லாம் தொட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தாள். என்னிடம் கேட்கும்போதே அம்மாவுக்கு உண்மையான விடை தெரியும். என் தாய் கொடியவள் அல்லள். இதை எழுதிவிட்டு நெடுநேரம் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

முடிதிருத்துபவரிடம் விசாரித்தேன். “பூத் தைக்குமே, அந்தப் பிள்ளையா? ரெட்டியார்சத்திரத்துலதான் இருக்கு, மககூட” என்றார். அந்தப் ‘பிள்ளை’க்கு இன்று எழுபத்தைந்து வயது கடந்திருக்கும். பங்குனிக் கடைசியில் ஒரு பிற்பகல் பேருந்தில் போனேன். சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒட்டு மாமரத்தடியில் ஓட்டு வீடு. அக்கா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நரைத்த சிறு கொண்டை. மொட்டையடித்துக் குட்டையாக முளைத்திருந்த என் தலையை முதலில் பார்த்தார், பிறகுதான் முகத்தை.

“வாத்தியார் மகனா? அப்பா போயிட்டாருன்னு பஸ்ஸுல பேசிக்கிட்டாக. நல்ல மனுசன். உக்காரு, அப்பு.”

உட்கார்ந்தேன். நான் தயாரித்துக்கொண்டு போன வாக்கியங்கள் எல்லாம் மேடைக்கு உரியவையாக இருந்தன.

“அக்கா, அன்னிக்கு முத்தத்துல நான் சொன்னது பொய்.”

“எனக்குத் தெரியாதா?” கீரையிலிருந்து கை எடுக்கவில்லை. “உங்கம்மா பேசுனது எனக்கு வலிக்கல. அவுக வீட்டுக் கஷ்டம். நீ சொன்னதுதான் ரொம்ப நாளு கேட்டுக்கிட்டே இருந்துச்சு.”

“பாப்பாவுக்கு அது எங்கப்பாகிட்டருந்து வந்தது. உங்களுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.”

“வகிடு எடுத்தப்பவே பாத்துட்டேன். என் சீப்புப் படுறதுக்கு முன்னாடியே அம்புட்டும் இருந்துச்சு. கண்ணாடியில விழுந்துரக்கூடாதுன்னுதான் உச்சிவரைக்கும் பூவ ஏத்தித் தைச்சேன்.”

“பிறகு ஏன் அக்கா சொல்லல? அத்தனை பேரும் நின்னாகளே!”

“என்னன்னு சொல்றது? அவ தலையில முன்னாடியே இருந்துச்சுன்னு ஆறு வயசுப் பொட்டப்பிள்ளைய நடு முத்தத்துல வச்சா? அவள அப்புறம் எவன் கட்டுவான்? நான் வளந்தவ. எங்கிட்டாவது போயிப் பொழச்சுக்குவேன்னு நெனச்சேன்.”

நான் தலைகுனிந்திருந்தேன். அவர் என் தலையை உற்றுப் பார்ப்பது தெரிந்தது.

“உனக்கும் வந்துருச்சா? பாத்து இருந்துக்க. வீட்டுல பேரப்பிள்ளைக கிட்டத் தலைய வைக்காத.”

“ஒட்டாது அக்கா. டாக்டர் சொன்னாக. எதுலயும் ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, சீப்புலயும் ஒட்டாது.”

கீரை உருவுவது நின்றது.

“ஒட்டாதா?”

“ஒட்டாது.”

“பாப்பா தலைய அன்னிக்கு நாலு மணி நேரம் கையில வச்சிருந்தேன். அவ தலையில இருந்தது என் கையில ஏறியிருக்கும்னுதான்...” அவர் நிறுத்தினார். தம் இரு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்தார். “அதுக்கப்புறம் நான் ஒரு தலையத் தொட்டதில்ல. எம் மகளுக்கு அவ சின்னம்மாதான் சடை போடுவா. கல்யாணத்தன்னிக்குக்கூட வேற ஆள வச்சுத்தான் பூத் தைச்சோம். நான் அடுப்படியிலயே நின்னுக்கிட்டேன்.”

பேருந்து ஒன்று சாலையில் ஒலியெழுப்பிக்கொண்டு போயிற்று. அது அடங்கும்வரை காத்திருந்தவர் போல அவர் மெதுவாகக் கேட்டார்:

“அப்ப எம் பிள்ளைக்கு நான் சீவி விட்டிருக்கலாமா?”

“விட்டிருக்கலாம், அக்கா.”

“தினம் கேப்பா. பள்ளிக்கூடம் போகயில சீப்பத் தூக்கிட்டு வந்து நிப்பா, நீ போட்டு விடும்மான்னு.” அவருடைய பார்வை என்னைவிட்டு எங்கோ போய்விட்டிருந்தது. “கிட்ட வராதன்னு அடிச்சிருக்கேன், அப்பு.”